மின்னணுச் சாதனங்களும் பழுதுபார்க்கும் உரிமையும்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், எலக்ட்ரானிக் சிட்டியையும் பொம்மசந்திராவையும் கடந்தவுடன் வரும் ஊர் சந்தாபுரா. ஆனேக்கல் செல்லும் சாலை இங்கேதான் பிரிகிறது. மேலும் சிறிது தொலைவில் அத்திப்பள்ளி. அதற்கப்பால் தமிழ்நாட்டின் எல்லை. ராகி வயல்கள் சூழ்ந்த சிற்றூராக இருந்த இவ்விடம், இன்று பொம்மசந்திரா, ஜிகனி, அத்திப்பள்ளி ஆகிய தொழிற்பேட்டைகளில் பணிபுரிவோரின் குடியிருப்பாக மாறியுள்ளது. கன்னடம், தமிழ், தெலுங்கு பேசுவோருடன் வட, கிழக்கு மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களும் பெருமளவில் இங்கு வாழ்கின்றனர். 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பெங்களூர் மெட்ரோவின் மஞ்சள் தடம், இவ்வூருக்குச் சற்று முன்னதாகப் பொம்மசந்திராவில் முடிவடைகிறது.

மின்னணுத் தொழிலின் வரலாற்றில் இச்சாலைக்கு ஒரு தனியிடம் உண்டு. கர்நாடக அரசின் மின்னணு வளர்ச்சிக் கழகமான கியோனிக்ஸ் 1976இல் நிறுவப்பட்டது. அதன் தலைவராயிருந்த ஆர். கே. பாலிகாவின் முயற்சியால், கோனப்பன அக்ரகாரம், தொட்டதோகூர் ஆகிய கிராமங்களில் 332 ஏக்கர் நிலத்தில் எலக்ட்ரானிக் சிட்டி உருவாயிற்று. எல்லைக்கு அப்பால் ஓசூர் வட்டாரத்தில் இன்று செல்பேசிப் பாகங்கள் தயாராகின்றன. ஒருபுறம் வடிவமைப்பு, மறுபுறம் உற்பத்தி. இடையிலுள்ள சந்தாபுராவிலோ இச்சாதனங்கள் வாங்கப்படுகின்றன, பழுதாகின்றன, இறுதியில் பழைய பொருள் வியாபாரியிடம் சேர்கின்றன.

இத்தகைய ஊர்களின் கடைத்தெருவில் பழுதடைந்த செல்பேசியுடன் நிற்போரிடம் வழக்கமாகக் கேட்கக்கூடிய கருத்துகள் இரண்டு. “முன்பு வாங்கிய ரேடியோ இருபது வருடம் உழைத்தது, இப்போது வாங்கும் போன் இரண்டு வருடம் தாங்குவதில்லை” என்பது ஒன்று. “ரிப்பேருக்கு ஆகும் செலவில் புதிதே வாங்கிவிடலாம்” என்பது மற்றொன்று. வெறும் முணுமுணுப்பு என்று நிர்வாகத்தினர் நெடுங்காலம் ஒதுக்கிவந்த இக்கருத்துகளை, மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறையே 2022இல் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. ஆகவே, இவற்றில் எந்த அளவு உண்மை உள்ளது என்பதை ஆராய்வது பொருத்தமாகும்.

வால்வு ரேடியோவின் காலம்

ஒரு காலத்தில் வானொலிப் பெட்டி வைத்திருக்கத் தபால் நிலையத்தில் கட்டணம் செலுத்தி உரிமம் பெற வேண்டியிருந்தது. 1980களின் நடுவில்தான் இம்முறை முற்றிலும் கைவிடப்பட்டது. அன்றைய வால்வு ரேடியோவின் பின்பலகையைத் திருகாணிகளைக் கழற்றி எவரும் திறக்கலாம். வால்வுகள் குழிகளில் செருகப்பட்டிருக்கும். எரிந்துபோன வால்வைக் கையால் பிடுங்கி வேறொன்றைச் செருகினால் போதும். பல பெட்டிகளில் சுற்றுப்படம் உட்புறத்திலேயே ஒட்டப்பட்டிருக்கும். தொழிற்பயிற்சி நிலையங்களில் பயின்ற ரேடியோ மெக்கானிக், ஒரு மல்டிமீட்டரையும் சாலிடரிங் அயனையும் வைத்துக்கொண்டு வாழ்க்கை நடத்த முடிந்தது. 1954இல் பெங்களூரில் நிறுவப்பட்ட பாரத் எலக்ட்ரானிக்ஸ் போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் வால்வுகளையும் டிரான்சிஸ்டர்களையும் உள்நாட்டிலேயே தயாரித்ததால் பாகங்களும் கிடைத்தன. 1982இல் வண்ணத் தொலைக்காட்சி வந்தபோது சென்னையின் சாலிடேர், டயனோரா போன்ற பெட்டிகளும் இதே முறையில் வீட்டுக்கு வந்த மெக்கானிக்குகளால் பழுதுநீக்கப்பட்டன.

எனினும், பழைய சாதனங்கள் எல்லாம் நீடித்து உழைத்தன என்று கொள்வது சரியன்று. இன்றுவரை பாடும் பழைய ரேடியோவைத்தான் மக்கள் காண்கின்றனர். பரணுக்குச் சென்றவற்றையும் எடைக்குப் போடப்பட்டவற்றையும் எவரும் கணக்கில் வைப்பதில்லை. வால்வுகள் அடிக்கடி எரிந்தன. மின்னழுத்தம் ஏறியிறங்கும் ஊர்களில் ஸ்டெபிலைசர் இன்றித் தொலைக்காட்சியை இயக்க எவரும் துணியவில்லை. மேலும், நடுத்தரக் குடும்பத்தின் பல மாதச் சம்பளத்தை விழுங்கிய பொருள் அது. அதைப் பழுதுபார்த்துப் பயன்படுத்துவதைத் தவிர வேறு வழியும் இருக்கவில்லை. சுருங்கக் கூறின், பழைய சாதனம் பழுதாகாமல் இருந்ததில்லை. பழுதானால் சரிசெய்ய முடிந்தது. மக்களின் நினைவு இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறது. ஆனால், அந்தக் குழப்பத்துக்கு அடியில் இருக்கும் குறை உண்மையானது.

மாற்றத்தின் காரணங்கள்

நூற்றுக்கணக்கான தனித்தனிப் பாகங்கள் செய்த வேலையை ஒரே சில்லு செய்யத் தொடங்கியதும் விலை சரிந்தது, மின்செலவும் குறைந்தது. போர்டின் மேற்பரப்பிலேயே பதிக்கப்படும் நுண்பாகங்களைச் சாதாரண சாலிடரிங் அயனால் எடுக்கவோ பொருத்தவோ இயலாது. சூடான காற்றை ஊதும் கருவியும் உருப்பெருக்கியும் தேவை. கருவியை மெல்லியதாக்கவும் நீர் புகாமல் காக்கவும் திருகாணிகளுக்குப் பதிலாகப் பசை வந்தது. இவையெல்லாம் சதி அல்ல. வாங்குவோர் விரும்பிய வசதிகளின் மறுபக்கமே.

மின்கலத்தின் நிலை சற்று வேறுபட்டது. லித்தியம்-அயனி மின்கலம் இயல்பாகவே தேய்வது. பொதுவாக 500 முதல் 800 முறை முழுமையாக மின்னேற்றம் பெற்றபின் அதன் கொள்ளளவு ஏறத்தாழ 80 சதவீதமாகக் குறைந்துவிடும். நாள்தோறும் மின்னேற்றினால் இது இரண்டு ஆண்டுக் கணக்கு. “இரண்டு வருடம்தான் தாங்குகிறது” என்னும் மக்கள் வாக்கு, மின்கல வேதியியலோடு வியக்கத்தக்க வகையில் ஒத்துப்போகிறது! பின்மூடியைத் திறந்து பயனாளரே மின்கலத்தை மாற்றிய காலத்தில் இது ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை. மின்கலம் பசையால் ஒட்டப்பட்டு மூடப்பட்டபின், தேயும் உறுப்பு ஒன்று கருவி முழுவதன் ஆயுளையும் நிர்ணயிக்கும் நிலை ஏற்பட்டது.

மென்பொருள் இரண்டாவது காரணம். உறுப்புகள் அனைத்தும் நல்ல நிலையில் இருப்பினும், தயாரிப்பாளர் பாதுகாப்பு மேம்பாடுகளை நிறுத்திவிட்டால் வங்கிச் செயலிகள் ஒவ்வொன்றாக அக்கருவியில் இயங்க மறுக்கின்றன. இதனினும் நுட்பமானது, ஒவ்வொரு பாகத்தையும் அதன் எண்ணைக் கொண்டு கருவியோடு பிணைத்துவிடும் முறை. ஒரே மாதிரியான மற்றொரு செல்பேசியிலிருந்து எடுத்த டிஸ்ப்ளேவைப் பொருத்தினாலும், தயாரிப்பாளரின் மென்பொருள் அனுமதிக்காதவரை சில வசதிகள் செயல்படுவதில்லை.

வேண்டுமென்றே ஆயுளைக் குறைக்கிறார்கள் என்ற ஐயம் புதிதன்று. மின்விளக்குத் தயாரிப்பாளர்கள் 1924 டிசம்பரில் ஜெனீவாவில் கூடி உருவாக்கிய ஃபீபஸ் கூட்டமைப்பு, விளக்கின் ஆயுளை 1,000 மணி நேரமாக வரையறுத்து, மீறிய உறுப்பினருக்கு அபராதமும் விதித்தது. நீண்ட நாள் எரியும் விளக்கு மின்சாரத்தை வீணாக்கி மங்கலாக எரியும் என்ற அவர்களது வாதத்தில் பொறியியல் உண்மையும் இருந்தது. லாப நோக்கும் இருந்தது. 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம், மின்கலம் தேய்ந்த சில பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் மூலம் குறைத்ததை ஒப்புக்கொண்டது. கருவி திடீரென அணைந்துவிடாமல் தடுக்கவே அவ்வாறு செய்ததாக விளக்கம் தந்தது. வாங்கியோருக்குத் தெரிவிக்காத குற்றத்துக்காகப் பிரான்ஸ் 2020இல் அந்நிறுவனத்துக்கு 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. மின்கலத்தை மாற்றினால் வேகம் மீளும் என்று அறியாமல் புதிய கருவி வாங்கியோர் பலர். அறியாமையின் விலையை அவர்களே செலுத்தினர்.

பழுதுபார்ப்பவரும் பயனாளரும்

சந்தாபுரா வட்டாரத்தின் பழுதுபார்ப்போருக்குப் பாகங்கள் வேண்டுமெனில் பெங்களூரின் எஸ்.பி. சாலையே பெரிய சந்தை. சென்னையில் ரிச்சி தெரு எவ்வாறோ அவ்வாறு. அங்கு கிடைப்பவற்றுள் அசலும் உண்டு, போலியும் உண்டு. உயிரிழந்த கருவிகளிலிருந்து கழற்றப்பட்டவையும் உண்டு. நிறுவனங்கள் தங்கள் அசல் பாகங்களையும் சுற்றுப்படங்களையும் பெரும்பாலும் தங்களது அங்கீகாரம் பெற்ற நிலையங்களுக்கு மட்டுமே வழங்குகின்றன. ஆதலால் வெளியிலுள்ள தொழிலாளி அனுபவத்தையும், சக தொழிலாளர்களிடமிருந்து பெற்ற அறிவையும் கொண்டே பணிபுரிய வேண்டியுள்ளது. வெளியில் பிரித்தால் உத்தரவாதம் போய்விடும் என்ற அச்சம் வாங்கியவரைத் தடுக்கிறது. அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் போர்டில் ஒரு சிறு சில்லு பழுதானாலும் போர்டு முழுவதையும் மாற்றுவதே வழக்கம். “புதிதே வாங்கிவிடலாம்” என்ற கணக்கு இங்கிருந்துதான் பிறக்கிறது.

வசதி படைத்தோருக்கு இது எரிச்சல் மட்டுமே. தொழிற்பேட்டையில் ஒப்பந்த முறையில் பணிபுரிபவருக்கோ செல்பேசியே வங்கிக் கிளை. 2016இல் தொடங்கிய யூபிஐ முறை வழியாகவே அவர் ஊருக்குப் பணம் அனுப்புகிறார். ஆதார் சார்ந்த கடவெண், ஒப்பந்ததாரரின் அழைப்பு, பிள்ளையின் பள்ளிச் செய்தி யாவும் அதில்தான் வருகின்றன. கருவி கடையில் கிடக்கும் நாட்களில் இவை அனைத்தும் நின்றுபோகின்றன. தவணையில் வாங்கிய கருவி, தவணை முடியும் முன்பே பழுதாவதும் உண்டு. தெருமுனைக் கடைக்காரர் அரை நாளில் பழுதுநீக்கித் தருவது, இவர்களைப் பொறுத்தவரை எந்த உத்தரவாத அட்டையைவிடவும் பயனுள்ள சேவையாகும்.

தூக்கியெறிந்த பின்னர்

ஐக்கிய நாடுகள் சார்ந்த அமைப்புகள் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022இல் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உண்டாயிற்று. அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 சதவீதமே. எஞ்சியதில் பெரும் பகுதி, இந்தியாவில், பழைய பொருள் வியாபாரிகள் வழியாக முறைசாராப் பட்டறைகளை அடைகிறது. அங்கே கம்பிகளை எரித்துச் செம்பும், போர்டுகளை அமிலத்தில் ஊறவைத்துத் தங்கமும் எடுக்கின்றனர். பழைய படக்குழாய்க் கண்ணாடியிலுள்ள ஈயமும், எரியும் பிளாஸ்டிக்கின் நச்சுப்புகையும் தொழிலாளியின் உடலையும் அக்கம்பக்கத்து நீர்நிலைகளையும் சென்றடைகின்றன.

இவ்வளவு ஆபத்துக்கும் காரணம் உள்ளே இருக்கும் செல்வம். ஒரு டன் செல்பேசிகளில் சுமார் 300 கிராம் தங்கம் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. இதே கர்நாடகத்தில், 2001இல் மூடப்பட்ட கோலார் தங்கவயலில், கடைசிக் காலத்தில் ஒரு டன் தாதுவிலிருந்து கிடைத்தது சில கிராம்கள்தாம். முறைப்படி மறுசுழற்சி செய்யும் நாட்டின் முன்னோடி நிலையங்களுள் ஒன்றான ஈ-பரிசரா, 2000களின் நடுவில் பெங்களூரை அடுத்த தாபஸ்பேட்டையில் தொடங்கப்பட்டது. ஆயினும், வீட்டு வாசலுக்கே வந்து காசு கொடுத்து வாங்கிச் செல்லும் வியாபாரியுடன் இத்தகைய நிலையங்கள் போட்டியிடுவது கடினமாகவே உள்ளது.

சட்டமும் நடைமுறையும்

மின்னணுக் கழிவுக்கென முதல் விதிகள் 2011இல் வகுக்கப்பட்டு 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்தன. 2016இலும் 2022இலும் அவை மாற்றியமைக்கப்பட்டன. 2023 ஏப்ரல் 1 முதல் செயல்படும் தற்போதைய விதிகள், 21 வகைகளுக்குப் பதிலாக 106 வகைச் சாதனங்களை உள்ளடக்குகின்றன. தயாரிப்பாளர்கள் 2023-24இல் 60 சதவீதமும், 2027-28 முதல் 80 சதவீதமும் மறுசுழற்சி செய்வித்துச் சான்று பெற வேண்டும். புதுப்பித்தலுக்கும் சான்று உண்டு. அதைப் பெறும் தயாரிப்பாளர் தமது மறுசுழற்சிப் பொறுப்பை ஒத்திவைத்துக்கொள்ளலாம். ஆனால் குறு நிறுவனங்களுக்கு இவ்விதிகள் பொருந்தா. கெடுபிடி இல்லை என்ற வகையில் இது சிறு கடைக்காரருக்கு நன்மையே. எனினும், ஆண்டுதோறும் எத்தனையோ கருவிகளைக் கழிவாகாமல் காக்கும் அவரது உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை என்பதும் இதன் விளைவாகும்.

கழிவான பின் செய்ய வேண்டியதை இவ்விதிகள் கூறுகின்றன. கழிவாவதைத் தள்ளிப்போடுவது வேறு பணி. அதற்கென நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது. வேளாண் கருவிகள், செல்பேசி மற்றும் டேப்லெட், வீட்டு உபயோகச் சாதனங்கள், மோட்டார் வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளை அது எடுத்துக்கொண்டது. அவ்வாண்டு டிசம்பரில் பழுதுபார்ப்பு விவரங்களைத் திரட்டித் தரும் இணையதளமும் தொடங்கப்பட்டது. நிறுவனங்கள் தாமே முன்வந்து அளிக்கும் விவரங்களையே அது தாங்கிவருகிறது.

அடுத்த படியாக, ஒரு கருவி எவ்வளவு எளிதில் பழுதுபார்க்கத்தக்கது என்பதை மதிப்பெண்ணால் காட்டும் திட்டத்தைப் பரிசீலித்த மற்றொரு குழு, 2025 மே மாதம் தன் அறிக்கையை அளித்தது. பிரிப்பதற்கு எத்தனை படிகள் தேவை, பாகங்கள் என்ன விலையில் எவ்வளவு விரைவாகக் கிடைக்கும், மென்பொருள் எத்தனை காலம் புதுப்பிக்கப்படும் ஆகியவை மதிப்பீட்டின் அடிப்படைகளாகப் பரிந்துரைக்கப்பட்டன. பிரான்ஸ் இத்தகைய முறையை 2021 ஜனவரியிலேயே கொணர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் ஒருபடி மேலே சென்று, 2025 ஜூன் முதல் விற்பனைக்கு வரும் செல்பேசிகளின் மின்கலம் 800 மின்னேற்றச் சுற்றுகளுக்குப் பின்னும் 80 சதவீதக் கொள்ளளவுடன் இருக்க வேண்டும் என்றும், ஒரு மாடலின் விற்பனை முடிந்தபின் ஏழாண்டுகள் பாகங்கள் கிடைக்க வேண்டும் என்றும் விதித்துள்ளது.

மதிப்பெண் அட்டை மட்டும் பயன்தருமா என்று கேட்போர் உண்டு. எரிசக்தித் திறன் பணியகத்தின் நட்சத்திரக் குறியீடு இதற்கு நல்ல முன்னுதாரணம். 2006இல் விருப்பத்தின் பேரில் தொடங்கிய அம்முறை, 2010இல் சில வகைக் குளிர்பதனப் பெட்டிகளுக்கும் அறைக் குளிர்சாதனங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. இன்று கடைக்குச் செல்லும் எந்தக் குடும்பமும் எத்தனை நட்சத்திரம் என்று கேட்காமல் குளிர்பதனப் பெட்டி வாங்குவதில்லை. ஆனால் நட்சத்திரம் மின்கட்டணத்தைப் பற்றியது. மாதந்தோறும் சோதித்துப் பார்க்கலாம். பழுதுபார்ப்பு மதிப்பெண்ணின் பயனை, கருவி பழுதாகும் நாளில்தான் அறிய முடியும். அன்று கடைத்தெருவில் அந்தப் பாகம் நியாயமான விலையில் இருந்தால்தான் மதிப்பெண் மெய்யாகும்.

நாட்டின் செல்பேசி உற்பத்தி, அரசுக் கணக்கின்படி, 2014-15இல் சுமார் 18,000 கோடி ரூபாயாக இருந்து 2024-25இல் 5.45 லட்சம் கோடி ரூபாயாக உயர்ந்துள்ளது. பாகங்களுக்கு வெளிநாட்டையே நம்பியிருந்த நாட்களில், அவற்றைத் தெருமுனைக் கடைவரை கிடைக்கச் செய்வது அரசின் கைக்கு எட்டாத காரியமாக இருந்தது. இன்று அவற்றுள் ஒரு பகுதி ஓசூர்ச் சாலையின் இரு முனைகளிலேயே தயாராகிறது. புதிய மதிப்பெண் முறை எப்போது வந்தாலும் அதற்குப் பின் விற்கப்படும் கருவிகளையே அது தழுவும். ஏற்கனவே மக்களின் கைகளிலுள்ள கோடிக்கணக்கான செல்பேசிகளுக்கு, எஸ்.பி. சாலையின் பழைய போர்டுகளும் சந்தாபுரா போன்ற ஊர்களின் சிறு கடைகளுமே தொடர்ந்து துணை நிற்கும்.