நைட் ஷோ உங்களுக்கு, தூக்கம் போவது பக்கத்து வீட்டுக்கா?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் தெருவுக்கே பழகிய சத்தம். ஆனால், ராத்திரி 11 மணிக்குப் பக்கத்து வீட்டு ஹோம் தியேட்டர் ‘டும் டும்’னு அதிர்ந்தால்? சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் இது தூக்கப் பிரச்சினை.

‘டும் டும்’ மட்டும் ஏன் கேட்கிறது?

வசனத்தைச் சுவர் ஓரளவு தடுத்துவிடும். ஊஃபரின் கனத்த ஒலி அப்படியல்ல. மெல்லிய சுவரையே அதிரவைத்து, அந்தப் பக்கம் இன்னொரு ஸ்பீக்கராக மாற்றிவிடும். சுவரில் ஃபோம் ஒட்டினால் சரியாகிவிடுமா? ஆகாது. ஃபோம் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும். கனத்த ஒலியைத் தடுக்க எடையுள்ள சுவர்தான் வேண்டும்.

என்ன செய்யலாம்?

* ஊஃபரைப் பொதுச்சுவரிலிருந்தும் மூலையிலிருந்தும் தள்ளி வையுங்கள். மூலையில் வைத்தால் ‘பாஸ்’ இன்னும் கூடும்.
* அடியில் தடித்த ரப்பர் மேட் போடுங்கள். தரை வழியாகப் போகும் அதிர்வு குறையும்.
* ‘நைட் மோடு’ இருந்தால் ஆன் செய்யுங்கள். சண்டைக் காட்சியின் சத்தம் அடங்கும், வசனம் தெளிவாகக் கேட்கும்.
* நேரமானால் ஊஃபரை ஆஃப் செய்யுங்கள், அல்லது ஹெட்போன்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒலி மாசு விதிகள் 2000-ன்படி, குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை வரம்பு 45 டெசிபல். வீட்டு ஒலிக்கருவியின் சத்தம், வீட்டு எல்லையில் அதைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது.

அதற்குமுன் ஒரு சுலபமான சோதனை: படத்தை ஓடவிட்டு, பக்கத்து வீட்டில் ஒரு நிமிஷம் நின்று கேளுங்கள். “அக்கா, இப்ப பரவாயில்லையா?” என்று கேட்டு, அவர்கள் தலையாட்டும் அளவில் வால்யூமைக் குறித்துக்கொள்ளுங்கள்.