விதைத் துறையைக் கட்டிய வெளிநாட்டுப் பணமும் இன்றைய பருத்தி பாக்கெட்டும்

இராசபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோவில் மலையடிவாரத்தில் மாவும் தென்னையும். அங்கிருந்து கிழக்கே இறங்கினால் கரிசலும் பருத்தியும். அந்தப் பருத்திக் காட்டுக்குள் போகும் விதை யாருடையது என்று கேட்டால், பதில் 60 ஆண்டுகள் பின்னோக்கிப் போகிறது.

விடுதலைக்குப் பின் நம் நாட்டில் விதைக்கென்று ஒரு தொழில் இருந்ததாகச் சொல்ல முடியாது. விவசாயி தன் விளைச்சலில் எடுத்து வைத்ததே அடுத்த ஆண்டு விதை. அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 1950களில் இங்கு மக்காச்சோள ஆராய்ச்சிக்குத் துணை நின்றது. 1961இல் முதல் வீரிய ஒட்டு மக்காச்சோளங்கள் வெளியாயின. ஆனால் அவற்றைப் பெருக்கி ஊர் ஊராகக் கொடுக்க ஆளில்லை. அதற்காகவே 1963இல் தேசிய விதைக் கழகமும், 1966இல் விதைச் சட்டமும் வந்தன. பிறகு உலக வங்கி வந்தது. 1969இல் பந்த்நகரை ஒட்டிய தராய் பகுதி விதைத் திட்டத்துக்கும், 1976 முதல் தேசிய விதைத் திட்டத்துக்கும் பணம் தந்தது. உதவி என்று நாம் பேசினாலும் இது கடன்தான். திருப்பிக் கட்ட வேண்டியது.

அந்தப் பணம் எங்கே போனது? மாநில விதைக் கழகங்கள், சுத்திகரிப்பு நிலையங்கள், கிடங்குகள், பரிசோதனைக் கூடங்கள். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாதவை. ஆனால் விதைத் தொழிலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஒரு கணக்கைப் பாருங்கள். விஞ்ஞானி தரும் வல்லுநர் விதை 20 கிலோ நெல் என்றால், ஒரு ஏக்கரில் தோராயமாக 2,000 கிலோ ஆதார விதை கிடைக்கும். அது 100 ஏக்கரில் 200 டன் சான்று விதையாகும். 10,000 ஏக்கருக்குப் போதும். இடையில் ஒரு வயலில் கலப்பு நேர்ந்தால் அத்தனையும் கெடும். எனவேதான் வயலாய்வு, முளைப்புச் சோதனை, அட்டை. வல்லுநர் விதைக்கு மஞ்சள், ஆதாரத்துக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம். தமிழ்நாட்டில் இந்தச் சான்றளிப்பு கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட தனி அரசுத்துறையின் வேலை.

இந்த ஏற்பாட்டில் தனியாரும் வளர்ந்தார்கள். மகாராஷ்டிராவின் ஜால்னாவில் பத்ரிநாராயண் பார்வாலே 1964இல் தொடங்கிய மஹிகோ, அரசு ஆராய்ச்சி உருவாக்கிய வீரிய ஒட்டு ரகங்களைப் பெருக்கி விற்றே கால் ஊன்றியது. அதில் தவறில்லை, நல்ல விதை நிறைய பேருக்குக் கிடைத்தது. 1988இல் புதிய விதைக் கொள்கை இறக்குமதிக்கும் வெளிநாட்டுக் கூட்டுக்கும் கதவைத் திறந்தது. 1998இல் அதே மஹிகோவில் மான்சாண்டோ 26 சதவீதப் பங்கு வாங்கியது. 2002இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது.

இங்கேதான் நம் கேள்வி. இங்கு விற்கும் பி.டி. பருத்தி பெரும்பாலும் வீரிய ஒட்டு. அதன் கொட்டையை எடுத்து விதைத்தால் செடிகள் ஒன்றுபோல் வராது. ஆண்டுதோறும் புது பாக்கெட்டை வாங்கியே தீர வேண்டும். 2016 முதல் மத்திய அரசு உச்ச விலை நிர்ணயிக்கிறது என்பது சிறு ஆறுதல். கம்பெனி விதையில் பெரும்பாலும் இருப்பது பச்சை நிற அட்டை, அதாவது தரத்துக்குக் கம்பெனியே பொறுப்பு என்ற உறுதிமொழி. அரசுச் சான்று அல்ல. சட்டப்படி சான்று பெறுவது விருப்பம்தான், கட்டாயமில்லை. கடன் வாங்கிக் கட்டிய சான்றளிப்பு அமைப்பு, விவசாயி அதிகம் செலவழிக்கும் இடத்தில் ஒதுங்கி நிற்பது நமக்குச் சரியாகப் படவில்லை.

மாற்று தூரத்தில் இல்லை. திருவில்லிபுத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எஸ்.வி.பி.ஆர். என்று தொடங்கும் ரகங்களின் பெயரே அந்த ஊரின் சுருக்கம்தான். அவற்றில் எஸ்.வி.பி.ஆர். 2 போன்றவை ஒட்டு அல்ல, ரகங்கள். கலப்பில்லாமல் பார்த்துக்கொண்டால் விதை எடுத்து வைக்கலாம். காய்ப்புழுவுக்கான பி.டி. பாதுகாப்பு அவற்றில் கிடையாது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். விருப்பமுள்ளவர்கள் பருவத்துக்கு முன்பே அந்த நிலையத்திலோ வேளாண்மை விரிவாக்க மையத்திலோ கேட்டு வையுங்கள். எந்த விதை வாங்கினாலும் ரசீதையும் அட்டையையும் அறுவடை முடியும் வரை தூக்கிப் போடாதீர்கள். முளைக்காத விதைக்கு இழப்பீடு கேட்கப் போகும்போது அதிகாரி முதலில் கேட்பது அந்த அட்டையில் உள்ள குவியல் எண்ணைத்தான்.