பழைய பண்ணை லாரியின் கார்புரேட்டரைச் செப்பனிடும் முறை

அறுவடைக் காலத்தில் மூட்டைகள் களத்தில் காத்திருக்க, லாரி கிளம்பாது நிற்பது மிராசுதார்களுக்குப் பெரு நஷ்டமாகும். பழைய பெட்ரோல் லாரிகளில் பல சமயங்களில் இதற்குக் காரணம் கார்புரேட்டரில் சேர்ந்த அழுக்கும் தேய்மானமுமேயாம். ஆகையால் புதியது வாங்குமுன் பழையதைச் செப்பனிட்டுப் பார்த்தல் நலம்.

எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 15 பங்கு காற்றைக் கலந்து என்ஜினுக்கு அனுப்புவதே கார்புரேட்டரின் வேலை. இந்தியாவில் 2025-ஆம் ஆண்டு முதல் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு வரை எத்தனால் கலந்து பரவலாக விற்கப்படுகிறது. கரும்பினின்றும் தானியத்தினின்றும் எடுக்கப்படும் எத்தனால் குடியானவர்க்கு லாபம் தருவதே. எனினும் அது ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர் பாகங்களை ஊறிக் கெடச் செய்யும். தொட்டியிற் படிந்த கசடையும் கிளப்பிவிடும். எனவே தொட்டியையும் வடிகட்டியையும் சுத்தம் செய்யாமல் கார்புரேட்டரை மட்டும் செப்பனிடுவது வீண்.

பாட்டரி இணைப்பை நீக்கி, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்க. பீடி, விளக்கு முதலியன அருகில் ஆகா. ஜெட்டுகளைக் கம்பியாற் குத்தினால் துவாரம் பெருத்து பெட்ரோல் வீணாகும். கரைப்பானில் ஊறவைத்துக் காற்றடித்தே சுத்தம் செய்யவேண்டும். பித்தளை மிதவையை வெந்நீரில் அமிழ்த்துக. குமிழி எழுமாயின் ஓட்டையுண்டு. உள்ளே பெட்ரோல் இருக்க அதனைப் பற்றவைப்பது உயிருக்கே அபாயம். ஊசி வால்வு, பாக்கிங், பம்பு டயாஃப்ரம் ஆகியவற்றை எத்தனாலைத் தாங்கும் புதியவற்றால் மாற்றுக. மிதவையின் மட்டத்தைத் தயாரிப்பாளர் குறித்த அளவில் வைக்கவேண்டும். வில்லிஸ் ஜீப்பின் கார்ட்டர் டபிள்யூ.ஓ. கார்புரேட்டருக்கு அது 3/8 அங்குலம். திராட்டில் தண்டு தேய்ந்து ஆடுமாயின், அவ்வழியே காற்றுப் புகும்; திருகுகளை எத்துணை திருப்பினும் பயனில்லை, புதிய புஷ் இடவேண்டும்.

மீண்டும் பூட்டியபின், ஐடிலிங் திருகை மெதுவாக முழுவதும் உட்செலுத்தி, ஒன்று முதல் ஒன்றரைச் சுற்று வெளியே திருப்புக. என்ஜின் சூடேறியபின் சீராக ஓடுமாறு சிறிது சிறிதாகத் திருத்துக.

லாரியைப் பல மாதம் நிறுத்திவைக்குமுன் கார்புரேட்டரிலுள்ள பெட்ரோலை வடித்துவிடுதல் மிக அவசியம். இவ்வொரு சிறு வேலையைச் செய்து வைத்தால், அடுத்த அறுவடையில் லாரி தடையின்றிக் கிளம்பும்.