ஆய்வுகூடத்து நொதியம் மருந்தாகுமா?



மாசி மாத ஒலிபரப்பில் நான் வேலைசெய்யும் ஆய்வுகூடத்தைப் பற்றிப் பேசும்போது, "பத்து மைக்ரோகிராம் நொதியம் சில நூறு யூரோவுக்கு வருகிறது" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டேன். அதன்பிறகு நிலையத் தொலைபேசிக்கு ஓய்வில்லை. "தங்கச்சி, அதென்ன தங்கத்தை விட விலையோ?" என்று ஓர் ஐயா கேட்டார். ஆம் ஐயா, கிராம் கணக்கில் பார்த்தால் தங்கத்தைவிட இலட்சம் மடங்குக்கு மேல்.

ஆனால் ஓர் அம்மாவின் அழைப்பு வேறுவிதமானது. வன்னியில் இருக்கும் அவருடைய பேரனுக்கு நான்கு வயது. மூன்று வயதில் வலிப்புத் தொடங்கியதாம். பேசிய ஓரிரு சொற்களும் மறந்துபோகின்றனவாம். "பிள்ளை, நீங்கள் சொன்ன வருத்தம் மாதிரியே இருக்கு. அந்தப் போத்திலிலை ஒண்டை எடுத்துத் தர ஏலுமோ? காசு எவ்வளவெண்டாலும் தாறன்" என்றார். அன்று எனக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வாய் வரவில்லை. இதழில் எழுதுகிறேன் என்று சொன்னேன்.

முதலில் அந்தப் போத்தலைப் பார்ப்போம். போத்தல் என்று சொல்வதே அதிகம். சுண்டுவிரலின் பாதியளவு பிளாஸ்டிக் குழாய். உலர்பனிக்கட்டிக்குள் வைத்து அனுப்புவார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இல்லாதது போலத்தான் இருக்கும். பத்து மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் இலட்சத்தில் ஒரு பங்கு. உள்ளே இருப்பது ரி.பி.பி.1 என்று சுருக்கமாக அழைக்கப்படும் மனித நொதியம். குழாயில் "ஆராய்ச்சிக்கு மாத்திரம்" என்று எழுதியிருக்கும்.

எமது உடலின் ஏறக்குறைய எல்லாக் கலங்களுக்குள்ளும் இலைசோசோம் என்ற சிறு பைகள் உண்டு. பெல்ஜிய விஞ்ஞானி கிறிஸ்ரியான் டி டூவ் 1955இல் இதற்குப் பெயரிட்டார். 1974இல் நோபல் பரிசும் பெற்றார். யேர்மனியில் வாழும் எமக்கு இதை விளக்குவது சுலபம். குப்பையை மஞ்சள் பை, காகிதம், கண்ணாடி என்று பிரித்துக் கொடுத்தால் அது உடைபட்டு மீண்டும் பொருளாகிறதல்லவா? பழுதான புரதங்களை இலைசோசோம் அப்படித்தான் உடைத்து, அமினோ அமிலங்களாகக் கலத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறது. உடைக்கும் வேலையைச் செய்வது பல நொதியங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதமான வெட்டு. புரதத்தை ஒரு மணிமாலை என்று வைத்தால், ரி.பி.பி.1 மாலையின் ஒரு முனையிலிருந்து மும்மூன்று மணிகளாகக் கத்தரிக்கும்.

இப்படி வெட்டும் பொருள் கலத்தின் மற்ற இடங்களில் வேலைசெய்தால் ஆபத்து. ஆகவே அது உறைக்குள் இருக்கும் கத்தியைப் போலத்தான் உருவாகிறது. இலைசோசோமின் புளிப்பான சூழலுக்குள் போனதும் தன் உறையைத் தானே வெட்டிக்கொண்டு வெளியே வருகிறது. எமது குழாய்க்குள் இருப்பதும் உறையோடு உள்ள வடிவமே. நாங்கள் பி.எச். 3.5 அளவிலான அமிலக் கரைசலில் விட்டு அதை எழுப்புவோம். பிறகு மூன்று அமினோ அமிலங்களோடு ஒரு சாயம் பொருத்திய சிறு மூலக்கூறைக் கொடுப்போம். நொதியம் வெட்டினால் சாயம் விடுபட்டு, புறஊதா ஒளியில் நீலமாக மின்னும். கடைகளில் யூரோத் தாளைப் பிடித்துப் பார்க்கும் விளக்கு நினைவிருக்கிறதா? ஏறக்குறைய அதே சங்கதி.

மனித நொதியத்தை மனிதரிடமிருந்து எடுப்பதில்லை. அதற்குரிய பரம்பரை அலகை வேறு கலங்களுக்குள் புகுத்தி, அவற்றைக் கொண்டு செய்விக்கிறார்கள். மருந்தாக வரும் வடிவம் ஹம்ஸ்டரின் சூலகக் கலங்களில் தயாராகிறது. பற்றீரியாவில் மலிவாகச் செய்யலாமே என்று கேட்பீர்கள். ஒரு சிக்கல்: இந்த நொதியத்தில் ஒருவகைச் சர்க்கரை முகவரித் தாள்போல ஒட்டியிருக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் கலம் அதை உள்ளே எடுத்து இலைசோசோமுக்கு அனுப்பும். பற்றீரியாவுக்கு அந்த முகவரி எழுதத் தெரியாது.

அந்த முகவரிதான் இந்த வருத்தத்தின் காரணத்தையும் காட்டிக்கொடுத்தது. 1997இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் விஞ்ஞானிகள், இந்த வருத்தத்தால் இறந்த பிள்ளையின் மூளையில் முகவரி ஒட்டிய புரதங்களை எல்லாம் பிரித்து, மற்றவர்களுடையதோடு ஒப்பிட்டார்கள். ஒரு புள்ளி மாத்திரம் இல்லை. இல்லாத அந்தப் புள்ளிதான் ரி.பி.பி.1.

வருத்தத்தின் பெயர் சி.எல்.என்.2. இலட்சம் பிறப்புக்கு ஒன்றுக்கும் குறைவாகவே வருகிறது. பழைய பெயர் யான்ஸ்கி-பீல்ஷொவ்ஸ்கி. மக்ஸ் பீல்ஷொவ்ஸ்கி பேர்லினில் வேலைசெய்த யூத வைத்தியர். 1913இல் இதைப் பற்றி எழுதினார். 1933இல் நாசிகளால் வேலை இழந்தார்; 1940இல் லண்டனில் இறந்தார். புரதங்களை வெட்டும் வேறு சில நொதியங்களுக்கு "கதெப்சின்" என்று 1929இல் பெயர் வைத்த இருவரில் ஒருவரான றிச்சார்ட் வில்ஸ்ரற்றரும் யூதர்தான். நோபல் பரிசு பெற்றவர். 1939இல் சுவிசுக்குத் தப்பியோட வேண்டியிருந்தது. எங்களைப் போன்றவர்கள் இந்தப் பெயர்களை வெறும் பெயர்களாக வாசித்துவிட்டுப் போக முடிவதில்லை.

நொதியம் இல்லாத பிள்ளையின் மூளைக் கலங்களில் கழிவு சேர்கிறது. முதல் இரண்டு வருடம் பெரும்பாலும் வித்தியாசம் தெரியாது. பிறகு பேச்சுப் பிந்தும். இரண்டுக்கும் நான்குக்கும் இடையில் வலிப்பு வரும். அடுத்த சில ஆண்டுகளில் நடையும் பேச்சும் பார்வையும் போகும். மருந்து இல்லாத காலத்தில் அனேகமான பிள்ளைகள் எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் இறந்தார்கள்.

இனி மருந்து. இதே நொதியத்தை முதலில் கட்டைக்கால் டக்கல் நாய்களில் பரிசோதித்தார்கள். அவற்றுக்கும் இந்த வருத்தம் பரம்பரையாக வருவதுண்டு. 2013இல் பிள்ளைகளில் பரீட்சை தொடங்கியது. ஹம்பேர்க் எப்பென்டோர்ப் பல்கலைக்கழக வைத்தியசாலையில் வைத்தியர் அங்கெலா சூல்ஸ் முன்னின்றார். லண்டன், றோம், அமெரிக்காவின் கொலம்பஸ் நகரங்களிலும் நடந்தது. மொத்தம் 24 பிள்ளைகள். இரத்தத்தில் ஏற்றினால் மூளைக்குள் போகாது என்பதால், தலைத்தோலின் கீழ் ஒரு சிறு கருவியைப் பொருத்தி, இரண்டு கிழமைக்கு ஒருமுறை 300 மில்லிகிராமை மூளையின் நீரறைக்குள் நேரடியாக, நான்கு மணித்தியாலத்துக்கு மேலாக மெதுவாக விடுகிறார்கள். நடைக்கும் பேச்சுக்கும் ஆறு புள்ளி கொடுத்தால், மருந்தில்லாத பிள்ளைகள் 48 கிழமைக்குச் சராசரி 2.12 புள்ளி இழந்தார்கள். மருந்து பெற்றவர்கள் 0.27. பிரினியூரா என்ற பெயரில் 2017இல் அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் அப்போது அறிவித்த விலை ஆண்டுக்கு 702,000 டொலர். இங்கிலாந்தில் பெற்றோர் போராடி, 2019இல்தான் உடன்பாடு வந்தது. இது குணமாக்கும் மருந்தல்ல. போனதைத் திருப்பித் தராது, பார்வை போவதையும் நிறுத்தாது. ஓட்டத்தை மெதுவாக்குகிறது. ஆகவே எவ்வளவு முந்திக் கண்டுபிடிக்கிறோம் என்பதுதான் எல்லாம்.

அம்மா கேட்டதற்கு இப்போது கணக்குப் பார்ப்போம். ஒரு தடவைக்கு 300 மில்லிகிராம். எங்கள் குழாயில் பத்து மைக்ரோகிராம். ஒரே ஒரு தடவைக்கு 30,000 குழாய்கள் வேண்டும். கிடைத்தாலும் அது மனித உடலுக்குள் விடுவதற்கான தரத்தில் தயாரிக்கப்பட்டதல்ல. கிருமியோ வேறு அழுக்கோ இல்லை என்று எவரும் உறுதி தரவில்லை. மூளை நீருக்குள் கிருமி போனால் பிள்ளை வருத்தத்தால் அல்ல, எங்களால் சாகும். நான் மறுத்தது சட்டத்துக்குப் பயந்து மாத்திரமல்ல, அம்மா.

இங்கே இருக்கும் பெற்றோருக்கு ஒரு விடயம். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பிள்ளை மூன்று வயதாகியும் பேசவில்லை. வைத்தியர், பெயர் வேண்டாம், "வீட்டில் தமிழ், வெளியில் டொச், அதுதான் பிந்துகிறது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்தப் பிள்ளைக்குக் காது கேட்பதில் குறை இருந்தது பிறகே தெரியவந்தது. இரண்டு மொழி பேசுவது ஒரு வருத்தமுமல்ல, வருத்தத்துக்குக் காரணமுமல்ல. பேச்சுப் பிந்தும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு சி.எல்.என்.2 இல்லை, வீணாகப் பயப்படவேண்டாம். ஆனால் பேச்சும் பிந்தி, காய்ச்சல் இல்லாமல் வலிப்பும் வந்தால், "ரி.பி.பி.1 பார்க்கலாமா?" என்று வாய்திறந்து கேளுங்கள். வடிதாளில் உலரவைத்த சில துளி இரத்தம் போதும். பிறந்தவுடன் குதிக்காலில் குத்தி எடுக்கும் பரிசோதனை இந்த வருத்தத்தைத் தேடுவதில்லை.

சொந்தத்துக்குள் கலியாணம் செய்ததாலா என்று பலர் கேட்டார்கள். தாயும் தகப்பனும் பழுதான அலகு ஒவ்வொன்றைக் காவினால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. மச்சான் மச்சாளுக்குள் அது கூடும். ஒரு சொந்தமும் இல்லாதவர்களுக்கும் வருகிறது. குடும்பத்தில் இப்படியொரு பிள்ளை இருந்திருந்தால் பரம்பரையியல் ஆலோசனைக்குக் குடும்ப வைத்தியரிடம் கடிதம் கேளுங்கள். சுகாதாரக் காப்புறுதி அந்தச் செலவை ஏற்கும். எந்த மாமியாரும் இதை வைத்து மருமகளைக் குறைசொல்ல இடமில்லை, பாதி தன் மகனிடமிருந்து வந்தது.

பேரனின் இரத்தத் துளிகளை அங்குள்ள வைத்தியர் மூலம் வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். போன கிழமை முடிவு வந்தது. நொதியம் சரியான அளவில் இருக்கிறது. இது அந்த வருத்தமல்ல. அம்மாவுக்கு எடுத்துச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப வேறை என்னவாம், பிள்ளை?" என்றார். கொழும்பில் நரம்பு வைத்தியரிடம் நாள் எடுத்திருக்கிறார்கள். வரும் அறிக்கையை எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வாசித்து விளங்கப்படுத்துவது மட்டும் என்னால் முடியும்.