கணினியோடு நம் உறவு: தமிழ்த் தட்டெழுத்து காட்டும் மாற்றம்

ஒரு கருவியோடு நமக்குள்ள உறவு என்றும் ஒரே நிலையில் இருப்பதில்லை. தொடக்கத்தில் அது வியப்புக்குரிய பொருளாக இருக்கிறது. பின்னர் முயன்று கற்க வேண்டிய பாடமாகிறது. நாளடைவில் அன்றாடப் பழக்கமாகி, இருப்பதே தெரியாத அளவுக்கு நம் கையோடு ஒன்றிவிடுகிறது. கணினியைப் பொறுத்தவரை இம்மாற்றத்தைத் தமிழ்த் தட்டெழுத்தின் வரலாற்றில் தெளிவாகக் காணலாம். அவ்வரலாற்றில் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் தனியிடம் உண்டு என்பதால், ஆசிரியர்களும் மாணவர்களும் அதனை அறிந்திருத்தல் நலம்.

மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-ஆம் ஆண்டில் முரசு என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரில் ஆசிரியரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி கணியன் என்னும் முறையை வகுத்தார். 1995-இல் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளைத் தாங்கிய இணையத்தளம் தொடங்கப்பட்டபோது, அதில் தமிழும் இடம்பெற அவர் பெரும்பங்காற்றினார். 1997-இல் தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரில் கூடியது. அக்காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் தனித்தனிக் குறியேற்றம் இருந்தது. ஒரு கணினியில் எழுதிய மடல், அதே எழுத்துரு இல்லாத மற்றொரு கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். ஆகவே, தமிழில் எழுத விரும்பியவர் கணினியின் உள்ளமைப்பையும் ஓரளவு கற்றாக வேண்டியிருந்தது. மனிதர் இயந்திரத்துக்கு இணங்கி நடந்த காலம் அது.

அடுத்த கட்டத்தில் இயந்திரம் மொழிக்கு இணங்கத் தொடங்கியது. தட்டச்சுப்பொறியில் 'கொ' என்று எழுத முதலில் ஒற்றைக்கொம்பு, பின்பு ககரம், இறுதியில் கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் தட்ட வேண்டும். 1991-இல் வெளியான ஒருங்குறி, ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் உலகெங்கும் பொதுவான எண்ணை வழங்கியது. அதில் ககரம் முதலிலும் உயிர்க்குறி அதன் பின்னும் அமைகின்றன. இது காதில் விழும் ஒலியின் வரிசையாகும். 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையும் இவ்வழியையே பின்பற்றுகிறது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கத்திலும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைப் பக்கத்திலும் உள்ளன. அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளைத் தட்டினால் 'அம்மா' தோன்றும். புள்ளி தானே அமைந்துகொள்ளும். 12 உயிரும் 18 மெய்யுமாகிய முதலெழுத்துகள் 30 என்று இலக்கண வகுப்பில் நாம் கற்பிப்பதை விரல்களே செய்துகாட்டுகின்றன.

மூன்றாம் கட்டம் கைப்பேசியோடு வந்தது. 2005-இல் வெளிவந்த செல்லினம் கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்திக்கு வழிவகுத்தது. 2013 முதல் ஐபோனில் தமிழ் விசைப்பலகை உள்ளிணைந்தே வந்தது. இன்று சில எழுத்துகளைத் தட்டியதும் கருவி முழுச் சொல்லையும் முன்வைக்கிறது. பேசினாலும் எழுதித் தருகிறது. தட்டெழுத அறியாத முதியவரும் தமிழில் செய்தி அனுப்ப முடிகிறது. இது பெரும் நன்மையே. ஆனால் உறவின் திசை மாறிவிட்டதை நாம் கவனிக்க வேண்டும். முன்பு நாம் கணினியைக் கற்றோம்; இப்போது கணினி நம் பழக்கங்களைக் கற்கிறது.

இதனால் மாணவருக்கு நேரும் இழப்பு நுட்பமானது. ரோமன் எழுத்து வழியாகத் தட்டும் மாணவர், ல, ள ஆகிய இரண்டையும் ஒரே ரோமன் எழுத்தின் சிறிய, பெரிய வடிவங்களாகவே நினைவில் கொள்ள நேர்கிறது. 'மனம்', 'மணம்' ஆகிய இரண்டையும் கருவி முன்வைக்கும்போது, எதைத் தேர்வது என்பதை எழுதுபவரே அறிந்திருக்க வேண்டும். இரண்டும் அகராதியில் உள்ள சொற்களாதலால், சொற்களைத் தனித்தனியே சரிபார்க்கும் பிழைதிருத்தி இங்கே உதவாது. எழுத்தறிவு குறையக் குறைய, கருவி முதலில் காட்டுவதே சரியென்று ஏற்கும் இயல்பு வளரும்.

மூத்த ஆசிரியர்களுக்கும் ஒரு கடமை உண்டு. பழைய எழுத்துருக்களில் தட்டிய பாடக்குறிப்புகளும் பள்ளி மலர்களும் இன்னும் பல கணினிகளில் உறங்குகின்றன. எக்கோப்பு எந்த எழுத்துருவில் உள்ளது என்பதை அறிந்தோர் இருக்கும்போதே அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிவிட வேண்டும்.

வகுப்பறையில் நாம் செய்யத்தக்கவை எளியவை. தமிழ்99 முறையை எழுத்திலக்கணப் பாடத்தோடு சேர்த்தே கற்பிக்கலாம். கட்டுரையின் முதற்பத்தியைக் கையால் எழுதச்செய்து, பின்னர் தட்டெழுதப் பணிக்கலாம். கருவி முன்வைத்த சொற்களுள் எதை ஏற்றார், எதை விலக்கினார், ஏன் என்று மாணவரைச் சொல்லச் செய்யலாம். இம்மூன்றாவது பயிற்சிக்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால், சொல்லைத் தேர்பவர் தாமே என்னும் உணர்வை அது மாணவரிடம் நிலைக்கச் செய்யும்.