சான்றிதழில் தெரியாத பங்கு

கறுப்பு அங்கி அணிந்து நீதிமன்றத்தில் வாதாடுபவரையே வழக்கறிஞர் என்று எண்ணிப் பழகிவிட்டோம். வழக்கே எழாமல் காப்பதைத் தம் தொழிலாகக் கொண்ட வழக்கறிஞரும் உளர். வீடும் மனையும் கைமாறும்போது, விற்பவரின் உரிமையை ஆராய்ந்து கருத்துரை வழங்குபவர் அவர். சட்டம் பயில விரும்பும் நம் பிள்ளைகளும் பெற்றோரும் அறியும்பொருட்டு அவருடைய பணியைப் பற்றிச் சிறிது சொல்ல விழைகிறோம்.

100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீட்டையோ மனையையோ விற்பதாயின் பத்திரம் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது 1882ஆம் ஆண்டுச் சட்டம். எனவே அவர் மூலப்பத்திரங்களைக் கேட்டு வாங்குகிறார். பெரும்பாலும் 30 ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்றிதழைப் பார்க்கிறார். பட்டாவையும் வரி ரசீதையும் நான்கு எல்லைகளையும் ஒப்பிடுகிறார்.

இவை யாவும் சரியாக இருப்பினும் அவருடைய வேலை முடிந்துவிடுவதில்லை. வில்லங்கச் சான்றிதழ் பதிவானவற்றை மட்டுமே காட்டும். தந்தை உயில் எழுதாமல் இறந்தால், எந்தப் பதிவுமின்றியே சொத்து வாரிசுகளைச் சேர்கிறது. நம்மவர்க்குரிய 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. எஞ்சியது ஆண், பெண் வேறுபாடின்றி மக்களுக்குச் சமமாக உரியது. அவர் விட்டுச்சென்றது 45 லட்சம் ரூபாய் மதிப்புள்ள வீடு எனக் கொள்வோம். தாய்க்கு 15 லட்சம். இரு மகன்களுக்கும் ஒரு மகளுக்கும் தலா 10 லட்சம்.

“அவளுக்குத்தான் நகை போட்டுக் கட்டிக்கொடுத்தோமே!” என்பார் சிலர். தந்தை உயிரோடிருக்கையில் ஒரு பிள்ளைக்குக் கொடுத்ததைப் பங்கில் கழிக்கலாகாது என்று அச்சட்டத்தின் 49ஆம் பிரிவு கூறுகிறது. மகள் கையொப்பமிடாத பத்திரத்தால் அவளுடைய பங்கு வாங்குபவரைச் சேராது. பின்னாளில் அவள் பாகப்பிரிவினை கேட்டு வழக்கிடலாம். வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து வீடு வாங்கியவர் நீதிமன்றப் படியேறுவார். உடன்பிறந்தோர் ஒருவரையொருவர் முகம் பாராமல் வாழ்வர்.

ஆகவேதான் வழக்கறிஞர் வாரிசுச் சான்றிதழைக் கேட்கிறார். மகளும் கிரயப் பத்திரத்தில் கையொப்பமிட வேண்டும். அல்லது தன் விருப்பத்தோடு விடுதலைப் பத்திரம் எழுதித்தர வேண்டும் என்கிறார். “தங்கை ஒன்றும் கேட்கமாட்டாள், எழுதிக் கொடுங்கள் ஐயா” என்று வற்புறுத்துவோர் உண்டு. தரகருக்கும் அவசரம். அவ்வேளையில் கட்டணத்தை இழந்தாலும் “முடியாது” என்று சொல்லும் துணிவே இத்தொழிலின் உயிர்.

இதில் சேர விரும்புவோர் பள்ளிப்படிப்பிற்குப் பின் ஐந்தாண்டோ, பட்டம் பெற்றபின் மூன்றாண்டோ சட்டம் பயின்று, வழக்கறிஞர் மன்றத்தில் பதிவு செய்து, அகில இந்தியத் தேர்விலும் தேற வேண்டும். பின்னர் மூத்தவர் ஒருவரிடம் அமர்ந்து பழைய பத்திரங்களைப் பொறுமையோடு படித்துப் பழக வேண்டும். நாவன்மையைவிடக் கூர்ந்த கண்ணும் நேர்மையுமே இங்கு மூலதனம்.

நம் இல்லங்களில் தந்தையின் வீட்டை விற்க நேர்ந்தால், வழக்கறிஞர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டா. முதலில் மணமாகிச் சென்ற சகோதரியை அழைத்து, அவளையும் உடனமர்த்திப் பேசுவோமாக.