புக்மார்க்: பெயர் வைத்து, பிரித்து வைத்து, பத்திரப்படுத்துங்கள்

"போன வாரம் ஒரு நல்ல தளம் பார்த்தேன், இப்போது தேடினால் சிக்கவில்லை." புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி சொல்வது இது. இதற்காகவே பிரவுசர்களில் புக்மார்க் வசதி உள்ளது. 1994ல் வெளியான நெட்ஸ்கேப் நேவிகேட்டரிலேயே இது இருந்தது. மைக்ரோசாப்ட் இதற்கு பேவரிட்ஸ் என்று பெயர் வைத்தது. எட்ஜ் பிரவுசரிலும் அதே பெயர்தான்.

பிடித்த பக்கம் திறந்திருக்கையில் கண்ட்ரோல் + டி கீகளை அழுத்தவும். குரோம், பயர்பாக்ஸ், எட்ஜ் மூன்றிலும் இதே கீகள்தான். சிறிய பெட்டி ஒன்று கிடைக்கும். உடனே என்டர் தட்டிவிடாதீர்கள். பிரவுசர் தரும் நீளமான தலைப்பை நீக்கிவிட்டு, "மகள் பள்ளிக் கட்டணம்" என்பது போல உங்களுக்குப் புரியும் பெயரைத் தாருங்கள். தமிழிலும் டைப் செய்திடலாம். அடுத்து போல்டரைத் தேர்ந்தெடுக்கவும். வங்கி, பயணம், படிப்பு, சமையல் என நான்கைந்து போல்டர்கள் போதும்.

வங்கித் தளத்தை மட்டும் முகவரியைச் சரிபார்த்து புக்மார்க் செய்திடுங்கள். "உங்கள் கணக்கு முடக்கப்படும், இங்கே கிளிக் செய்யவும்" என்று மெயில் வந்தால் அதைத் தொடாமல், இந்த புக்மார்க் வழியாகவே செல்லுங்கள். போலித் தளத்தில் பாஸ்வேர்டைக் கொடுத்து ஏமாறும் ஆபத்து பெருமளவு குறையும்.

ஒன்றை நினைவில் வையுங்கள். புக்மார்க்கில் பதிவாவது முகவரிதானே தவிர, பக்கம் அல்ல. நண்பர் வீடு மாறிவிட்டால் டைரியில் உள்ள பழைய முகவரியால் என்ன பயன்? 2009 அக்டோபரில் யாகூ தன் ஜியோசிட்டீஸ் தளத்தை மூடியபோது, அங்கிருந்த பக்கங்களுக்கான புக்மார்க்குகள் அப்படித்தான் ஆயின. எனவே ரசீது, விண்ணப்பம் போன்றவற்றை கண்ட்ரோல் + பி அழுத்தி பி.டி.எப். பைலாகச் சேமித்திடுங்கள். மறைந்துபோன பக்கத்தின் முகவரியை இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் கொடுத்துப் பாருங்கள். பழைய பிரதி சில வேளை கிடைக்கும்.

என் பக்கத்து வீட்டு அண்ணன் கம்ப்யூட்டரை சர்வீஸுக்குக் கொடுத்தார். ஹார்ட் டிஸ்க்கை பார்மட் செய்ததில், மூன்று ஆண்டுகளாகச் சேர்த்த புக்மார்க்குகள் அனைத்தும் போயின. இதனைத் தவிர்க்க கண்ட்ரோல் + ஷிப்ட் + ஓ அழுத்தினால் புக்மார்க்குகளை நிர்வகிக்கும் இடம் கிடைக்கும். அங்குள்ள மெனுவில் எக்ஸ்போர்ட் என்பதைக் கிளிக் செய்திடுங்கள். அனைத்தும் ஒரே பைலாக வரும். அதனை பென் டிரைவில் காப்பி செய்து வைத்தால், எந்தக் கம்ப்யூட்டரிலும் இம்போர்ட் மூலம் திரும்பப் பெறலாம். மாதம் ஒரு முறை இதைச் செய்திடுங்கள். இரண்டு நிமிட வேலைதான்.